கர்ப்பிணியின் அட்டையில் இல்லாத எண்

மேற்கு மாம்பலத்தில் காலை ஆறரை மணிக்கெல்லாம் வீட்டு வேலைப் பெண்கள் தெருவுக்குள் வந்துவிடுவார்கள். ஜாபர்கான்பேட்டையிலிருந்தும் சைதாப்பேட்டையிலிருந்தும் நடந்தே வருகிறவர்கள் உண்டு. அடையாற்றங்கரைக் குடிசைகளை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், வேலை செய்த வீடுகளை விட மனமில்லாமல் முதல் பேருந்தைப் பிடித்து வருகிறவர்களும் உண்டு. திண்டிவனம், செய்யாறு, உத்திரமேரூர் பக்கத்துச் சேரிகளிலிருந்து கல்யாணமாகி நகரத்துக்கு வந்தவர்கள் பலர். இவர்களில் நம் பெண்களே அதிகம்.

அப்படி ஒரு தங்கையை அண்மையில் சந்தித்தோம். வயது இருபத்து நான்கு. ஆறு மாத கர்ப்பம், முதல் பிள்ளை. நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கித் துணி துவைக்கிறார். பையிலிருந்து தாய் சேய் நல அட்டையை எடுத்து எங்களிடம் நீட்டி, “இதுல என்னக்கா எழுதியிருக்கு? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றார். உயரம் 153 சென்டிமீட்டர். முதல் எடை 43 கிலோ, இப்போது 46. ஹீமோகுளோபின் 8.9. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தன.

“சிஸ்டர் என்ன சொன்னாங்க?” என்று கேட்டோம்.

“ரத்தம் கம்மியா இருக்கு, நல்லா சாப்பிடுன்னாங்க.”

பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவர்போல ஒன்று கேட்டார். “மூணாவது மாடி மாமிக்குக் காலெல்லாம் எரியுது, மதமதன்னு இருக்கு. பி12 கம்மின்னு டாக்டரு ஊசி போடுறாரு. அது என்னக்கா பி12? எனக்கும் கால் எரியுதே. என் அட்டையில அது எங்க இருக்கு?”

அந்த அட்டையில் அது எங்கேயும் இல்லை. இந்த வாரப் பத்தியை அந்தக் கேள்விதான் எழுத வைத்தது.

முதலில் அட்டையில் இருக்கும் எண்களையாவது படித்துக்கொள்வோம். ஊரில் கிராம சுகாதார செவிலியரிடம் அட்டை வாங்கும் பெண்களுக்கும், அக்காவுக்கோ அண்ணிக்கோ துணையாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இது பயன்படும்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 10-க்குக் கீழே போனால் நடுத்தரம், 7-க்குக் கீழே என்றால் கடுமை. உடனே மருத்துவமனை பார்க்க வேண்டிய நிலை. கர்ப்ப காலத்தில் உடலில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கிட்டத்தட்ட பாதியளவு கூடும். சிவப்பணு அந்த அளவுக்குக் கூடாது. அதனால் எண் கொஞ்சம் இறங்குவது இயற்கைதான். அந்த இறக்கத்துக்கு இடம் விட்டுத்தான் 11 என்று கோடு போட்டிருக்கிறார்கள். 8.9 என்பது இயற்கையான இறக்கம் அல்ல. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிட இது கூடியிருக்கிறது. நாடு முழுவதும் பார்த்தால் பட்டியலின, பழங்குடிப் பெண்களிடம் ரத்தசோகை சராசரிக்கு மேல். பிரசவத்தின்போது ரத்தப்போக்கு கொஞ்சம் கூடினாலும் தாங்க முடியாத உடம்பு யாருடையது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

அடுத்தது எடை. கர்ப்பிணி பத்துப் பன்னிரண்டு கிலோ கூட வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே அளவைச் சொல்லிவிடுகிறார்கள். அது கர்ப்பத்துக்கு முன் நடுத்தர உடல்வாகு உள்ளவருக்கான கணக்கு. ஒல்லியான பெண் அதைவிட அதிகம் கூட வேண்டும். பருமனானவர் குறைவாகக் கூடினால் போதும். உலகத்தில் பல நாடுகள் பின்பற்றும் 2009-ஆம் ஆண்டின் அமெரிக்க அளவுகோல், எடை குறைந்த பெண்ணுக்குப் பன்னிரண்டரை முதல் 18 கிலோ வரையும், மிகப் பருமனானவருக்கு 5 முதல் 9 கிலோ வரையும் வைத்திருக்கிறது. அந்த அளவுகோலை அப்படியே நம் பெண்களுக்கு மாட்ட வேண்டுமா என்று மருத்துவர்களுக்குள் வாதம் உண்டு. ஆனால் 43 கிலோவில் தொடங்கியவர் ஆறாம் மாத முடிவில் மூன்று கிலோதான் கூடியிருக்கிறார் என்றால், எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் அது போதாது. அவர் ஐந்தாறு கிலோவாவது கூடியிருக்க வேண்டும்.

கூடும் எடை எல்லாம் கொழுப்பு என்று நினைக்கக் கூடாது. பிள்ளை மூன்று கிலோ. நஞ்சும் பனிக்குட நீரும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ. கருப்பையும் மார்பும் பெருப்பது ஒன்றரைக் கிலோ. கூடும் ரத்தம் ஒரு கிலோவுக்கு மேல். மிச்சம்தான் உடம்பில் தங்கும் நீரும், பால் கொடுக்கும் காலத்துக்காக உடம்பு சேர்த்து வைக்கும் கொழுப்பும். மூன்று கிலோவே கூடிய உடம்பு, பிள்ளைக்குக் கொடுப்பதைத் தன்னிடமிருந்தே பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. “ரொம்பத் தின்னா பிள்ளை பெருசாயிடும், பிரசவம் கஷ்டம்” என்று மாமியார்கள் சொல்வதை இன்னமும் கேட்கிறோம். அந்தப் பயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. வீட்டிலேயே பிரசவம் பார்த்த காலத்தில், தலை திரும்பாத பிள்ளையோடு செத்துப்போன பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. மூன்றாம் மாதத்துக்குள் எடை பார்த்துப் பதிந்திருந்தால்தான் எவ்வளவு கூடியது என்று சொல்ல முடியும். ஐந்தாம் மாதத்தில் போய்ப் பதிந்தால் கணக்குத் தொடங்கும் இடமே தெரியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. பணத்துக்காகவாவது சீக்கிரம் போய்ப் பதியுங்கள் என்று கூட்டங்களில் சொல்லிவருகிறோம்.

எடை குறைவது ஒரு ஆபத்து என்றால், திடீரென்று ஏறுவது வேறு ஆபத்து. ஒரே வாரத்தில் ஒரு கிலோ, இரண்டு கிலோ ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் வந்தால் அது சாப்பாட்டால் ஏறிய எடை அல்ல. உடம்பில் நீர் கோக்கிறது. ரத்த அழுத்தம் 140-க்கு 90-ஐத் தொட்டுவிட்டதா, சிறுநீரில் புரதம் போகிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். வலிப்பில் கொண்டுபோய் விடும் நோய் இது. நஞ்சிலிருந்து ரத்தத்தில் கலக்கும் இரண்டு புரதங்களின் விகிதத்தை வைத்து இந்த ஆபத்தை முன்கூட்டியே கணிக்கும் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கொடுத்தார்கள். வசதியுள்ளவர்கள் அதைச் செய்துகொள்ளட்டும். நமக்கு ஒவ்வொரு முறையும் கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்ப்பதும், சிறுநீரைப் பார்ப்பதும் தவறாமல் நடந்தாலே பல உயிர் தப்பும். “இன்னிக்குக் கூட்டம், பிபி அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றால் ஒத்துக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள்.

சர்க்கரை விஷயத்தில் தமிழ்நாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். வெறும் வயிறோ சாப்பிட்ட வயிறோ, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா பல ஆண்டுகள் வாதாடி நிலைநிறுத்திய முறை இது. வெறும் வயிற்றோடு மறுநாள் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினால் கூலிக்காரப் பெண் திரும்பி வர மாட்டாள் என்பதைப் புரிந்துகொண்ட முறை. கர்ப்பிணி எல்லோருக்கும் சர்க்கரை பார்ப்பதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னால் நின்றது. ஏழைப் பெண்ணின் ஒரு நாள் கூலியையும் கணக்கில் வைத்து மருத்துவம் யோசிக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

அப்படி யோசிக்கத் தெரிந்தவர்கள் பி12 விஷயத்தில் ஏன் பேசாமல் இருக்கிறார்கள்?

இது ஏதோ பணக்கார வைட்டமின் அல்ல. ரத்தம் ஊறவும் நரம்பு தேயாமல் இருக்கவும் வேண்டிய சத்து. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 2.6 மைக்ரோகிராம் போதும். கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் அது கீரையில் கிடையாது, பருப்பில் கிடையாது, பழத்தில் கிடையாது. கறி, ஈரல், மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் உண்டு.

நமக்குப் பக்கத்து ஊரான மைசூரில், ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனைக்கு வந்த 785 கர்ப்பிணிகளின் ரத்தத்தை 1990-களின் கடைசியில் எடுத்து ஆராய்ந்தார்கள். முடிவு 2009-ல் வெளியானது. நூற்றுக்கு 43 பேருக்குப் பி12 குறைவு. போலிக் அமிலம் குறைந்தவர்கள் நூற்றுக்கு 4 பேர்தான். பி12 குறைந்த பெண்களுக்கு உடல் பருமன் கூடுதலாக இருந்தது. கர்ப்பகாலச் சர்க்கரையும் கூடுதலாக இருந்தது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் சர்க்கரை நோய் அவர்களிடமே அதிகம். புனேக்குப் பக்கத்தில் ஆறு கிராமங்களில் மருத்துவர் யாக்னிக் குழு 1993-ல் தொடங்கிய ஆய்வில், தாய்க்குப் பி12 குறைந்தும் போலிக் அமிலம் மிகுந்தும் இருந்தால், பிள்ளைக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறி தெரிந்தது. இது குறைந்ததால்தான் அது வந்தது என்று அடித்துச் சொல்ல இந்த ஆய்வுகள் மட்டும் போதாதுதான். ஆனால் ரத்தத்தில் உள்ள ஒரு சத்துக்கும் தாயின் எடைக்கும் பிள்ளையின் எதிர்காலத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று நம் மண்ணிலேயே கண்டு சொல்லிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் எடை கூடியவர்கள் என்கிறது அதே குடும்ப நலக் கணக்கெடுப்பு. குடிசை மாற்று வாரிய வீடுகளிலும் உடம்பு பெருத்து ரத்தம் குறைந்த பெண்களைப் பார்க்கிறோம். “நல்லாத்தானே இருக்கா, இவளுக்கென்ன” என்று சொல்லிவிடுகிறார்கள். ரேஷன் அரிசிச் சோறும் டீயும் பன்னும் எடையைத் தரும், ரத்தத்தைத் தராது.

அரசு கொடுக்கும் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கின்றன. நல்ல மாத்திரை. மலம் கறுக்கிறது, வாந்தி வருகிறது என்று குப்பையில் போடாதீர்கள். ராத்திரி சாப்பிட்டபின் போட்டுக்கொள்ளுங்கள். டீயோடும் சுண்ணாம்பு மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள். ஆனால் அந்த மாத்திரையில் பி12 இல்லை. பி12 குறைவால் வந்த ரத்தசோகைக்கு இரும்பை எவ்வளவு கொடுத்தாலும் எண் ஏறாது. அப்போது அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? “மாத்திரை ஒழுங்காப் போடுறியா, பொய் சொல்லாதே” என்ற திட்டுதான் கிடைக்கும். நம் பெண்கள் அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் வருவதைப் பல முறை பார்த்திருக்கிறோம்.

இனி அந்த “நல்லா சாப்பிடு” என்பதற்கு வருவோம். எதைச் சாப்பிட? சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். மாதுளை, ஆப்பிள், பேரீச்சம்பழம், பீட்ரூட், ஒரு தம்ளர் பால். சில இடங்களில் முட்டையும் மீனும் இருக்கும். நம் வீட்டில் ரத்தம் ஊற எதைக் கொடுப்பார்கள்? ஆட்டுச் சுவரொட்டியைச் சுட்டுக் கொடுப்பார்கள். ஈரலை மிளகு போட்டு வதக்கித் தருவார்கள். மாட்டுக்கறிக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கேழ்வரகுக் களி. கறியில் உள்ள இரும்பில் ஏறத்தாழ கால் பங்கை உடம்பு இழுத்துக்கொள்ளும். கீரையிலும் தானியத்திலும் உள்ளதில் பத்தில் ஒரு பங்குகூடச் சேராது. பேரீச்சம்பழத்தில் இருப்பதும் அந்த இரண்டாம் வகை இரும்புதான். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த வண்டிக்காரர் ஒன்றும் ஏமாளி இல்லை என்று தோன்றுகிறது.

ஆட்டுக்கறி விற்கும் விலையில் பாதிக்கும் குறைவாக இரும்பும் புரதமும் பி12-ம் சேர்ந்து கிடைப்பது மாட்டுக்கறியில். எந்தச் சுவரொட்டியிலும், மருத்துவமனைச் சுவரில் ஒட்டுவதைச் சொல்கிறோம், மாட்டுக்கறி என்ற சொல்லை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. தீண்டாமையின் வேரை மாட்டுக்கறியில் வைத்துத் தேடிய அம்பேத்கரின் நூல் 1948-ல் வந்தது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவகம் ஒன்றில் சைவ மாணவர்களுக்குத் தனி வாசலும் தனிக் கைகழுவும் இடமும் ஒதுக்கிச் சர்ச்சையானது. அந்த எழுபது ஆண்டு இடைவெளியில் நம் சட்டி வெட்கப்பட்டே வளர்ந்திருக்கிறது.

மேற்கு மாம்பலத்துத் தங்கையிடம், மதியம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டோம். முதல் வீட்டில் கொடுக்கும் காபி, மூன்றாம் வீட்டில் கொடுக்கும் ரசஞ்சோறு. கையில் சாப்பாடு கொண்டுவரலாமே என்றோம். “கொண்டாரலாம்க்கா. கவுச்சி கொண்டாரக் கூடாதுன்னு வேலைக்குச் சேர்றப்பவே சொல்லிட்டாங்க.” அந்த மாமி கெட்டவர் இல்லை. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறார், கர்ப்பம் என்று தெரிந்ததும் மாடிப்படி கழுவ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். மரக்கறி மட்டுமே சாப்பிட்டு அவருக்கே பி12 குறைந்து கால் எரிகிறது. அவருக்கு ஊசி போட மருத்துவர் இருக்கிறார். நம் தங்கைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டியாவது இருக்கிறது என்று நாமே சொல்லித் திருப்திப்பட்டுக்கொள்ளவும் முடியாது. மாட்டுக்கறி சாப்பிடும் குடும்பம் என்று பெயர்தான். வாரத்துக்கு ஒரு நாள் வாங்கும் அரைக் கிலோவில் புருஷனுக்கும் மாமனாருக்கும் போட்ட பிறகு அவருக்கு மிஞ்சுவது குழம்பு. இதை மாமி வீட்டின் மேல் போட முடியாது. நம் வீட்டு ஆண்கள் பதில் சொல்ல வேண்டிய கணக்கு அது.

அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில் வளையலும் பூவும் ஐந்து வகைச் சோறும் தருகிறார்கள். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். மகிழ்ச்சியான நிகழ்ச்சிதான், நாங்களும் போய்ச் சந்தனம் பூசிவிட்டு வந்திருக்கிறோம். ஆனால் ரத்தசோகைக்காரர்கள் பாதிப்பேர் உட்கார்ந்திருக்கும் பந்தியில் ஐந்தும் சோறு. பள்ளிப் பிள்ளைகளுக்கு 1989-ல் சத்துணவில் முட்டை வைக்கத் தொடங்கிய மாநிலம் இது. 2010 முதல் வாரம் ஐந்து முட்டை தருகிறோம். வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம் உண்டு. அதனால் யாருடைய சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்குக் கொடுக்கும் முட்டையைக் கர்ப்பிணிக்கும் ஒன்பது மாதமும் கொடுத்தால் என்ன?

நாம் கேட்பது பெரிதல்ல. ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறாத பெண்ணுக்கு அரசுச் செலவிலேயே பி12 பாருங்கள். தனியார் பரிசோதனைக் கூடத்தில் அதற்குப் பல நூறு ரூபாய். நாலு வீடு வேலை செய்கிறவர் அதைக் கொடுக்க மாட்டார். குறைவு என்று தெரிந்தால் ஊசியும் மாத்திரையும் மலிவுதான். சுவர்ப் படத்தில் ஈரலையும் சுவரொட்டியையும் கருவாட்டையும் மாட்டுக்கறியையும் வரையுங்கள். ஈரலை வாரம் ஒரு முறை கொஞ்சமாக, நன்றாக வேகவைத்து என்றும், அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டின் உப்பைக் குறைக்க வேண்டும் என்றும் கூடவே எழுதுங்கள். எண்ணைச் சொல்லும்போது அதன் பொருளையும் சொல்லுங்கள்.

வேலை செய்கிற உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலுவலகப் பெண்களுக்கு 2017 முதல் 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. வீட்டு வேலைப் பெண்ணுக்கு அந்தச் சட்டம் எட்டாது. வீட்டு வேலைத் தொழிலாளர் உரிமைக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் கொண்டுவந்த உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. எட்டாம் மாதம் வரை குனிந்து துடைத்துவிட்டு, பிள்ளை பெற்று மூன்றாம் மாதம் திரும்பி வந்தால் அந்த வேலையில் வேறு ஒருவர் இருப்பார். இந்த நிலையில் எடை கூடவில்லையே என்று அவரைக் கேட்பதில் பொருள் இல்லை.

அந்தத் தங்கையோடு மறுவாரம் சுகாதார நிலையத்துக்கு நாங்களும் போனோம். “சிஸ்டர், எனக்கு மாத்திரை போட்டும் ஏறலையே, பி12 பாப்பீங்களா?” என்று அவரே கேட்டார். செவிலியர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, வியப்புதான். “இங்க பாக்குறதில்லம்மா. டாக்டர்கிட்ட எழுதி வாங்கி ஜிஎச்சுக்கு அனுப்புறேன்” என்றார். எழுதியும் கொடுத்தார். ரத்த நாளத்தில் இரும்பு ஏற்றுவதற்கும் நாள் குறித்தார்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாம் நடக்கிறது. அன்றைக்குப் பெரிய மருத்துவர் வருவார், அப்போது எடையும் பார்க்கலாம் என்றார்கள். 9-ஆம் தேதி வேலை நாள். மாமியிடம் அரை நாள் கேட்டிருக்கிறார். மற்ற மூன்று வீட்டிலும் இன்னும் கேட்கவில்லை.